வின்ரர் ரயர் எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது? ஒன்ராறியோவில் கார் ஓடுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் ஸ்னோ கொட்டிய அன்று காலை ஒன்பது மணிக்கு ரொறன்ரோவில் ஏதாவது ஒரு ரயர் கடைக்கு ஃபோன் அடித்துப் பாருங்கள். மணி போய்க்கொண்டே இருக்கும். தப்பித் தவறி யாராவது எடுத்தால், "அடுத்த கிழமை வியாழன் பின்னேரம் ஒரு இடம் கிடக்கு, வேணுமோ?" என்பார்கள். நேரே போனால் கார் வரிசை கடை வளவைத் தாண்டி வீதிக்கு வந்திருக்கும். கனடா வந்த இரண்டாம் வருடம் அந்த வரிசையில் மூன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். ஆறிப்போன கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நின்ற பதினொரு காரையும் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

நாங்கள் எல்லோரும் ஸ்னோவைப் பார்த்து ரயர் மாற்றுகிறோம். ரயருக்கு ஸ்னோ ஒரு பொருட்டே இல்லை, குளிர்தான் கணக்கு. குளிர் வருவது ஸ்னோவுக்கு மூன்று, நான்கு கிழமைக்கு முந்தி.

எனக்கு அது விளங்கியது மோர்னிங்சைட் வீதி இறக்கத்தில். நவம்பர் நடுப்பகுதி, காலை ஆறு மணிக்குக் கிட்ட, வேலைக்குப் போகிற நேரம். இரவு தூறிவிட்டு விட்டிருந்தது. ஸ்னோ ஒரு பொட்டுக்கூட இல்லை, வீதி வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. சிவப்பு விளக்கு விழுந்ததும் பிறேக்கை மிதித்தேன். காலுக்கு அடியில் பெடல் "கிர்ர்ர்" என்று நடுங்கியது, கார் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி அரைக் கார் நீளம் சந்திக்குள் போய்த்தான் நின்றது. நல்ல காலம், குறுக்கே ஒருவரும் வரவில்லை. டாஷ்போர்டில் வெப்பநிலை 1 பாகை காட்டிக்கொண்டிருந்தது. வின்ரர் ரயர் நான்கும் வீட்டில், பேஸ்மென்ற் படிக்குக் கீழே, பையோடு அடுக்கி இருந்தன. "இன்னும் ஸ்னோ விழவில்லையே" என்று விட்டு வைத்திருந்தேன்.

குளிர் ரயரை என்ன செய்கிறது

வீட்டுக் குசினியில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருக்கும்தானே. ஓகஸ்ட்டில் தண்ணீராக ஊற்றுப்படும், ஒக்டோபரில் கரண்டியால் கிண்ட வேண்டும். ரயர் இறப்பருக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அது உறைவதில்லை, விறைக்கிறது. வெயில் காலத்துக்கென்று செய்த கலவை சூட்டில் அளவான பிடியோடு இருக்கும்; குளிரக் குளிர இறுகி, வீதியின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் பதிய முடியாமல் மேலால் வழுக்கும். வின்ரர் ரயரில் இயற்கை இறப்பரும் சிலிக்காவும் கலந்த வேறு கலவை. உறைநிலைக்குக் கீழே போனாலும் அது மெதுமை விடாது.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் பக்கத்து கராஜ்கார அண்ணை. நான் மோர்னிங்சைட் கதையைச் சொன்னதும் அவர் ஒன்றும் கதைக்கவில்லை. வெளியே இரவு முழுக்கக் குளிரில் கிடந்த இரண்டு ரயர்களுக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "நகத்தாலை அமத்திப் பார் தம்பி" என்றார். ஒன்றில் நகம் பதிந்தது. மற்றதில் நகம்தான் வளைந்தது.

கலவை பாதி என்றால் வெட்டு மறுபாதி. வின்ரர் ரயரைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால், பெரிய பள்ளங்களுக்கு இடையில் உள்ள ஒவ்வொரு கட்டியிலும் பிளேட்டால் கீறியதுபோல மெல்லிய கீறல்கள் நெளிந்து நெளிந்து ஓடும். சில்லு உருளும்போது அவை திறந்து மூடும். ஐஸுக்கு மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை அவை வழித்தெடுக்கும், விளிம்புகள் பிடித்து இழுக்கும். பெரிய பள்ளங்கள் ஸ்னோவை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்னோவில் எதுவும் ஒட்டாது என்று நினைப்போம், ஆனால் ஸ்னோவில் ஸ்னோ நன்றாக ஒட்டும், பிள்ளைகள் உருண்டை உருட்டுவதைப் பார்த்தால் தெரியும். அந்த ஒட்டுதலைத்தான் ரயர் பயன்படுத்துகிறது.

7 பாகைக் கணக்கு

கடைகளும் ரயர் கொம்பனிகளும் சொல்லும் எண் 7 பாகை செல்சியஸ். அதற்குக் கீழே வெப்பநிலை தொடர்ந்து நின்றால் வின்ரர் ரயருக்கு மாறுங்கள் என்பது விதி. கல்மேல் எழுத்தாக இதை எடுக்க வேண்டாம். 7இல் நல்ல ரயர் 6இல் கெட்டுப் போவதில்லை. இறுகுவது படிப்படியாக நடக்கிற விஷயம், கலவைக்குக் கலவை வேறுபடும். காய்ந்த வீதியில் 5 பாகையில் உங்கள் பழைய ரயர் ஒழுங்காகவே நிற்கலாம். ஈர வீதி, இறக்கம், அதிகாலை மூன்றும் சேரும்போதுதான் விளையாட்டுக் காட்டும்.

அதனால் நான் பகல் வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. பார்ப்பது ஒன்றே ஒன்று: நான் வீட்டை விட்டு வெளிக்கிடும் நேரத்தில் எத்தனை பாகை. ரொறன்ரோ விமான நிலையப் பக்கம் ஒக்டோபர் மாதச் சராசரி இரவுக் குளிர் 4, 5 பாகை அளவில் நிற்கும். நவம்பரில் பூச்சியத்துக்குக் கிட்ட வந்துவிடும். பகலில் 12, 13 என்று வெயில் அடிப்பதைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போகிறவருக்கு வின்ரர் ஒக்டோபர் கடைசியிலேயே தொடங்கிவிடும். பத்து மணிக்குக் கடை திறக்கப் போகிறவருக்கு இரண்டு கிழமை கூடுதலாகக் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒக்டோபர் நடுவிலிருந்து, ஃபோனில் அடுத்த ஏழு நாள் வானிலையில் இரவு எண்ணை மட்டும் பாருங்கள். ஏழில் நான்கு, ஐந்து நாள் உங்கள் வெளிக்கிடும் நேரத்தில் 7க்குக் கீழே காட்டினால் நாள் வந்துவிட்டது. இடையில் இரண்டு நாள் 16 பாகைக்கு ஏறினாலும் பரவாயில்லை. வின்ரர் ரயரோடு நாலு நாள் சூட்டில் ஓடுவதால் அது கொஞ்சம் கூடத் தேயும், அவ்வளவுதான். மற்றப் பக்கம் பிழைத்தால் வருவது பம்பர் செலவு, அதற்கு மேலும் வரலாம்.

இடத்துக்கு இடம் மாறும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் நவம்பர் முதல் கிழமை சரியான நேரம். ஒட்டாவா, மொன்றியல் என்றால் ஒக்டோபர் கடைசி. ரொறன்ரோவில் இருந்துகொண்டு வேலைக்காக 400 நெடுஞ்சாலையில் வடக்கே பாரி நகருக்குப் போய் வருகிறவர்கள் பாரிக்காரர் கணக்கில்தான் மாற்ற வேண்டும். ஜோர்ஜியன் குடாவில் இருந்து வரும் ஈரக் காற்று அங்கே ஸ்னோவாகக் கொட்டும். இங்கே வெயில், ஒரு மணித்தியாலம் வடக்கே போனால் முன்னால் போகும் காரின் விளக்கு தெரியாது.

சட்டமும் காப்புறுதியும்

ஒன்ராறியோவில் சாதாரணக் காருக்கு வின்ரர் ரயர் கட்டாயமில்லை. கியூபெக்கில் கட்டாயம்: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அங்கே பதிவு செய்த எல்லாக் கார்களுக்கும். முன்பு டிசம்பர் 15 என்று இருந்ததை 2019இல் டிசம்பர் 1க்கு முன்தள்ளினார்கள். மொன்றியலில் மாமா வீட்டுக்கு நத்தாருக்குப் போகும் ஒன்ராறியோ இலக்கத்தகட்டுக் காரை இந்தச் சட்டம் பிடிக்காது. ஆனால் மொன்றியல் ஐஸ் இலக்கத்தகட்டைப் பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப் பாதைகளில் ஒக்டோபர் 1இல் இருந்தே தேவை. பெரும்பாலான பாதைகளில் ஏப்ரல் 30 வரை.

ஒன்ராறியோவில் சட்டம் இல்லாவிட்டாலும் காசு இருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல், நான்கு வின்ரர் ரயரும் போட்டவர்களுக்கு எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் கழிவு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் ஃபோன் எடுத்துக் கேட்க வேண்டும். எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை காரில் இருக்க வேண்டும் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். ரயர் வாங்கிய பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

முதலில் உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எங்கள் ஆட்கள் வாயில் வின்ரர் ரயர் அல்லாத எல்லாமே "சமர் ரயர்". உண்மையில் இங்கே விற்கும் சாதாரணக் கார்களில் வருவது, எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கும் ஓல் சீசன். உண்மையான சமர் ரயர் வேகக் கார்களிலும் சில விலையான மொடல்களிலும் வரும். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் 7 பாகைக்குக் கீழே இறங்கும் வரை காத்திருக்கவே வேண்டாம்; கடும் குளிரில் அதை ஓடினால், சில வேளை நகர்த்தினால்கூட, இறப்பர் வெடிப்பு விடலாம் என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள்.

ரயரின் பக்கவாட்டில் கை விளக்கு அடித்துத் தேடுங்கள். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு ஸ்னோப் பூ. இந்தக் குறி இருந்தால் ஸ்னோவில் சோதித்துத் தேறிய ரயர். கியூபெக்கில் செல்லுபடியாவதும் இதுதான். வெறுமனே எம், எஸ் என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் நம்பி இருக்க வேண்டாம். அது சேற்றையும் ஸ்னோவையும் குறிக்கும் எழுத்து; வெட்டின் அமைப்பைப் பார்த்துக் கொடுப்பது, எந்தப் பரீட்சையும் எழுதாமல் கிடைத்த சான்றிதழ். பெரும்பாலான ஓல் சீசனில் இருப்பது அது.

இரண்டுக்கும் இடையில் ஓல் வெதர் என்று ஒரு சாதி உண்டு. மலைக்குறி இருக்கும், வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம். வருடத்தில் பத்தாயிரம் கிலோமீற்றருக்குள் ஓடி, நகரத்துக்குள்ளேயே நின்று, தொடர்மாடியில் ரயர் வைக்க இடமில்லாதவருக்கு அது நல்ல தெரிவு. இரவு வேலைக்காரர், 401 நெடுஞ்சாலையில் ஒவ்வொரு நாளும் ஓடுகிறவர், பாரிப் பக்கம் போகிறவர் என்றால் நான் தனி வின்ரர் ரயரைத்தான் சொல்வேன். ஐஸில் வித்தியாசம் தெரியும்.

"என்னுடையது நாலு சில்லும் இழுக்கிற கார், எனக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருக்கிறார்கள். நாலு சில்லும் இழுப்பது காரை வெளிக்கிட வைக்கும். நிற்கும்போது எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும்தான் பிறேக். நிறுத்துவது ரயர் வீதியைத் தொடும் அந்த நாலு உள்ளங்கை அளவு இடம் மட்டுமே. ஒவ்வொரு ஸ்னோ நாளிலும் கானுக்குள் இறங்கிக் கிடக்கும் வண்டிகளில் இந்தச் சாதி ஜீப்புகள் குறைவில்லை. நம்பிக்கையோடு வேகமாக வந்ததுதான் காரணம்.

வாங்குவது

அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் இருக்கும், 205/55 ஆர் 16 என்பதுபோல. பாரம் தாங்கும் எண்ணையும் பாருங்கள். வாங்கும் ரயரில் அது அதே அளவு அல்லது கூட இருக்க வேண்டும், குறையக் கூடாது. பெரிய றிம்மோடு வந்த காருக்கு ஒரு அளவு சிறிய றிம்மில் வின்ரர் ரயர் போடுவது இங்கே பழக்கம். ரயர் மலிவு, சுவர் உயரம் கூட என்பதால் குழிகளைத் தாங்கும், ஒடுங்கிய ரயர் ஸ்னோவை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். ஆனால் எல்லாக் காரின் பிறேக்குக்கு மேலாலும் சிறிய றிம் ஏறாது, கடையில் உங்கள் காரின் மொடலையும் வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

நான்கும் வாங்குங்கள். "முன் சில்லுதானே இழுக்குது, முன்னுக்கு மட்டும் ரெண்டு போடுவம்" என்பது பிழையான கணக்கு. முன்பக்கம் வீதியைப் பிடித்து நிற்கும், பின்பக்கம் பிடிக்காமல் வழுக்கும், வளைவில் காரின் பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும்.

வசதி இருந்தால் தனி றிம்மோடு வாங்குங்கள். ஒரே றிம்மில் வருடத்துக்கு இரண்டு தரம் ரயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு தரமும் பலன்சிங்கோடு (சில்லு ஆடாமல் எடையைச் சரிசெய்வது) கூலி கொடுக்க வேண்டும், ரயரின் ஓரமும் அடிபடும். தனி றிம் என்றால் கூலி ஏறக்குறையப் பாதி, நீங்களே டிரைவ்வேயில் மாற்றவும் முடியும். மூன்று, நான்கு வருடத்தில் றிம் காசு திரும்பி வந்துவிடும். கருப்பு ஸ்ரீல் றிம் வடிவில்லைத்தான். உப்புத் தண்ணீரில் நாலு மாதம் குளிக்கப் போகும் றிம்முக்கு வடிவு எதற்கு?

பழைய ரயர் வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்க முந்தி வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டி, ஓ, ரி என்று தொடங்கும் நீண்ட இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை செய்தது. வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும், குனிந்து பாருங்கள். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயது ரயரில் மெதுமை இருக்காது. நான் ஆறு வயதுக்கு மேல் பழைய வின்ரர் ரயர் வாங்குவதில்லை.

போன வருட ரயரைச் சோதித்தல்

இதை ஒக்டோபர் தொடக்கத்தில் செய்ய வேண்டும், மாற்றுகிற அன்றல்ல. புதிதாக வாங்க வேண்டி வந்தால் அளவு கடையில் இருக்கும்போதே வாங்கலாம்.

சட்டம் சொல்லும் குறைந்த ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர். அது வெயில் காலத்துக்கான எண். ஸ்னோவில் 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்துவிட்டால் அதை வின்ரர் ரயராக நினைக்க வேண்டாம். புதியது 8, 9 மில்லிமீற்றர் இருக்கும். அளக்கும் கருவி சில டொலருக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் சட்டைப்பையில் உள்ள இரண்டு டொலர்க் குற்றி போதும். அதன் வெளி வெள்ளி வளையம் ஐந்தரை மில்லிமீற்றர் அகலம். பள்ளத்துக்குள் நிமிர்த்தி விடுங்கள். வெள்ளி முழுக்க மறைந்தால் கவலையில்லை. வெள்ளியில் கால்வாசிக்கு மேல் வெளியே தெரிந்தால் புதிய ரயருக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். ஒரு இடத்தில் மட்டும் பார்க்காமல் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் பாருங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ரயரில் பிழையில்லை, சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ற் செய்ய வேண்டும்.

பக்கவாட்டில் வீக்கம் இருந்தால் யோசிக்காமல் எறியுங்கள். உள்ளே நூல் அறுந்திருக்கிறது.

பதிவு செய்யும் நாள்

தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் இரண்டாம் திங்கள். அந்த லோங் வீக்கெண்டில் நவம்பர் முதல் கிழமைக்குப் பதிவு செய்துவிடுவது என் வழக்கம். கடைக்காரர் அப்போது ஆறுதலாகக் கதைப்பார், நேரமும் நீங்கள் கேட்டது கிடைக்கும். ஹலோவீன் முடிந்து பதிவு செய்யப் போனால் வார இறுதி எல்லாம் போயிருக்கும்.

வீட்டில் நீங்களே மாற்றுவதென்றால்

தனி றிம் உள்ளவர்களுக்கு மட்டும் இது. முதல் தரம் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும், பழகினால் நாற்பது நிமிடம். விரல் விறைக்க முந்திச் செய்ய வேண்டிய வேலை, நவம்பர் தொடக்கத்து ஒரு சனி மத்தியானம் நல்லது.

காரைச் சமமான, இறுகிய நிலத்தில் விடுங்கள். சரிந்த டிரைவ்வே வேண்டாம். பார்க்கில் போட்டு, கைப் பிறேக் இழுத்து, தூக்காத பக்கத்துச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்குங்கள். தூக்கிய பிறகு இளக்கப் போனால் சில்லு சுற்றும், கார் ஆடும். பிறகு ஜக்கை, காரோடு வந்த புத்தகத்தில் காட்டியுள்ள இடத்தில் மட்டும் வையுங்கள். அடிப்பக்க விளிம்பில் அதற்கென்று இரண்டு வெட்டு இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு நெளியும். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே தலையையோ காலையோ விடக் கூடாது. கழற்றிய சில்லைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள், ஜக் வழுக்கினாலும் கார் அதன்மேல்தான் இருக்கும்.

கழற்றும் ஒவ்வொரு ரயரிலும் சோக்கால் எழுதுங்கள்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. முன் சில்லு இழுக்கும் காரில் முன் ரயர் கூடத் தேயும். அடுத்த தரம் மாட்டும்போது முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினால் நான்கும் ஒன்றாகத் தேயும்.

இனி மாட்ட முந்திச் செய்யும், பலர் செய்யாமல் விடும் வேலை. றிம் போய் உட்காரும் ஹப்பில் கறள் பிடித்து மேடாகி இருக்கும். கம்பித் தூரிகையால் அதைச் சுரண்டித் துடையுங்கள். கறளுக்கு மேல் றிம்மை இறுக்கினால் அப்போது இறுக்கமாகத்தான் தெரியும். ஓட ஓடக் கறள் நொறுங்கி இடைவெளி வந்து நட்டு இளகும். நட்டு ஏறும் புரிக்கு எண்ணெய், கிறீஸ் எதுவும் பூச வேண்டாம், அளவுக்கு மேல் இறுகிப் புரி அறுந்துவிடும்.

நட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஹொண்டா கொம்பனி றிம்மில் நட்டு உட்காரும் இடம் பந்துபோல வளைந்திருக்கும். வெளியில் வாங்கும் றிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் முழுதாக உட்காராது. றிம் வாங்கும்போதே அதற்கு எந்த நட்டு என்று கேட்டு, வேறென்றால் ஒரு செற் வாங்கிவிடுங்கள்.

ரயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிப் பார்க்க வேண்டும். எல்லா நட்டையும் கையால் சுற்றி ஏற்றுங்கள், கையால் ஏறாத நட்டு கோணல் புரியில் ஏறுகிறது. பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் கீறுவதுபோல இறுக்குங்கள். காரை இறக்கி, சில்லு நிலத்தைத் தொட்ட பின் கடைசி இறுக்கம், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ரோர்க் றெஞ்சால். கொறொல்லாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், சிவிக்குக்கு 108. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது புத்தகத்தில் இருக்கும். றெஞ்ச் "டக்" என்றதும் விடுங்கள். ஏறி மிதித்து இறுக்குவது பலமில்லை, பிறேக் டிஸ்க் கோணுவதற்கும் புரி அறுவதற்கும் அதுதான் வழி.

மாற்றிய பிறகு

50இல் இருந்து 100 கிலோமீற்றருக்குள் ஓடிவிட்டு நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பாருங்கள். கடையில் மாற்றினாலும் இதைச் செய்ய வேண்டும், பற்றுச்சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். ஒரு வருடம் நான் கடையில் மாற்றிவிட்டு இதைச் செய்யாமல் விட்டேன். மூன்றாம் நாள் 404 நெடுஞ்சாலையில் ஏறும்போது பின்பக்கத்தில் "டுக்... டுக்... டுக்" என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. றேடியோவை நிறுத்திக் கேட்டேன். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் பின் இடது சில்லில் இரண்டு நட்டு விரலால் சுற்றும் அளவுக்கு இளகி இருந்தது. அன்றில் இருந்து ஒரு ரோர்க் றெஞ்ச் காரின் பின்பெட்டியில் கிடக்கிறது.

அடுத்தது காற்று. வெப்பநிலை ஐந்து, ஆறு பாகை இறங்கினால் ரயரில் காற்று ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) இறங்கும். 20 பாகைச் சூடான கடைக்குள் 33 அடித்தால், ஜனவரியில் மைனஸ் 15 அடிக்கும் காலையில் 27தான் இருக்கும். ஓட்டை எதுவும் இல்லை, குளிர்தான் குடித்தது. மாதத்துக்கு ஒரு தரம், கார் இரவு முழுக்க நின்ற பிறகு அளந்து, கதவுத் தூணில் சொன்ன எண்ணுக்கு நிரப்புங்கள். ஸ்னோவுக்குக் காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

வின்ரர் றிம்மில் காற்றழுத்த சென்சர் இல்லாவிட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கனடாவில் அந்தச் சென்சர் கட்டாயமில்லை, அதனால் ஓடலாம். ஆனால் உண்மையில் காற்று இறங்கும்போதும் அதே விளக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம். சில கார்களில் றிம்முக்குள் சென்சரே இருக்காது. சில்லு சுற்றும் வேகத்தை வைத்துக் கணக்குப் பண்ணும். அவற்றில் ரயர் மாற்றியதும் ரீசெற் செய்தால் போதும்.

கழற்றிய ரயரைக் கழுவிக் காயவைத்து, கருப்புப் பையில் கட்டி, வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பக்கத்தில் வேண்டாம், அந்த மோட்டரில் இருந்து வரும் ஓசோன் இறப்பரைத் தின்னும். றிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க அடுக்கலாம். றிம் இல்லாதது நிமிர்ந்து நிற்க வேண்டும். தொடர்மாடியில் இருப்பவர்கள் பார்க்கிங்கில் அடுக்க நினைக்க முந்தி அலுவலகத்தில் கேளுங்கள், தீயணைப்பு விதியைக் காட்டிப் பல கட்டடங்களில் விடமாட்டார்கள். பருவத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கடைகளே வைத்துத் தரும்.

கழற்றும் காலம்

மார்ச்சில் ஒரு கிழமை 14, 15 பாகை அடிக்கும். வளவுகளில் உப்பு கழுவுவார்கள், பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு நிற்பார்கள். அந்தக் கிழமையில் கழற்றியவர்களை ஏப்ரல் முதல் கிழமை ஸ்னோவில் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் வரும் கூத்து இது.

அதே காலைக் கணக்கைத் தலைகீழாகப் பிடியுங்கள்: வெளிக்கிடும் நேரத்தில் தொடர்ந்து 7க்கு மேல். ரொறன்ரோவில் காலை பிந்தி வெளிக்கிடுகிறவருக்கு அது ஏப்ரல் நடுவில் வரும், அதிகாலையில் போகிறவர் இன்னும் பொறுக்க வேண்டும். எனக்கு ஞாபகக் குறி சித்திரை வருடப்பிறப்பு. ஏப்ரல் 14 கைவிசேடம் வாங்கிப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, அதற்கு அடுத்த சனிக்கிழமை ஜக்கை வெளியே எடுப்பேன். வடக்கே இருப்பவர்கள் மே தொடக்கம் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். சூடான வீதியில் வின்ரர் ரயர் கொழகொழத்து, அழிறப்பர்போலத் தேயும். பிறேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும்.

கழற்றும்போது நான்கின் ஆழத்தையும் அளந்து ஒரு துண்டில் எழுதி, பைக்குள் போட்டுக் கட்டுங்கள். இந்தச் சித்திரையில் நான் எழுதிய துண்டில் இருப்பது: பின் இரண்டும் 6, முன் இடது 5, முன் வலது நாலரை. தாங்ஸ்கிவிங்குக்கு முந்தி நாலு ரயருக்குக் காசு பார்க்க வேண்டும்.